மேயரின் இருபத்து மூன்று மகள்கள்

மூன்றாவது கன்றும் அதே மாதிரி விழுந்து கிடந்த காலையில்தான், இனி நோலா ஃபெரியரைப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது என்று முடிவு செய்தேன்.

அது 1984 ஆகஸ்ட், ஆஸ்திரேலியாவில் குளிர்காலத்தின் கடைசி. எங்கள் நியூ இங்கிலாந்து மேட்டுநிலத்தில் பசுக்கள் ஈனும் மாதம். மேற்குக் காற்று காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை விடாது. அந்தக் காற்றில் கன்றுகள் சாவது புதிதல்ல. ஆனால் இவை அப்படிச் சாகவில்லை. பிறந்தவுடன் எழுந்து நின்றன, மடியைத் தேடிக் குடித்தன, தாயைச் சுற்றித் துள்ளின. இரண்டாம் நாள் தலையைத் தொங்கப்போட்டன. மூன்றாம் நாள் பக்கவாட்டில் சரிந்து, தலை முதுகை நோக்கி வளைந்து, கால்கள் நான்கும் தண்ணீரில் நீந்துவதுபோல் அடித்துக்கொண்டன. கிட்டே குனிந்தால் சிறுநீரில் ஒரு வாசனை. பாகு காய்ச்சும்போது அடிபிடித்துவிட்டால் வருமே, அது.

முதல் இரண்டு கன்றுகளை அறுத்துப் பார்த்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார் மாட்டு டாக்டர் ராஸ் வாம்ஸ்லி. பதில் வந்துவிட்டது என்று அன்று காலை நேரிலேயே வந்து சொன்னார்.

"விஷம் இல்ல டெஸ், தொத்தும் இல்ல. ரத்தத்துல வர்றது. அப்பன்கிட்ட ஒரு பாதி, ஆத்தாகிட்ட ஒரு பாதி. ரெண்டு பாதியும் ஒரே கன்னுல வந்து சேர்ந்தாத்தான் சாகும். ஒரு பாதி மட்டும் இருக்கற மாடு ஜம்முனு இருக்கும், வெளிய தெரியவே தெரியாது. உன் காளை எங்க வாங்கினது?"

"பாலண்ட்ரி."

"பசுங்க?"

"அதுங்களோட அப்பனும் பாலண்ட்ரிதான்."

ராஸ் கையுறையைக் கழற்றி வண்டியின் பின்னால் எறிந்துவிட்டுப் போனார்.

பாலண்ட்ரி எங்கள் பண்ணைக்கு எதிரில், சாலைக்கு அந்தப் பக்கம். ஃபெரியர் குடும்பம் அங்கே கலப்பில்லாத ஹெரிஃபோர்டு மாடு வளர்த்து, பொலிகாளைகளை விற்றுவந்தது. செம்பழுப்பு உடல், வெள்ளை முகம், கொம்பில்லாத வகை. ஒவ்வொரு கன்றுக்கும் பெயரும் எண்ணும் தாய் தகப்பன் பாட்டன் விவரமும் பதிவேட்டில் இருக்கும். கிழவர் ஃபெரியர் 1971இல் செத்தபோது உயிலைப் படித்த வக்கீலே இரண்டு முறை படித்தாராம். நிலம் முழுதும் மகன் மெர்வுக்கு. மாடு முழுதும் மகள் நோலாவுக்கு. அவர் மனதில் அது நியாயம். அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் பெண்ணுக்கு மந்தையைக் கொடுத்ததே பெரிய பேச்சாக இருந்தது. ஆனால் அதனால் நடந்தது என்னவென்றால், நோலாவின் பசுக்கள் மெர்வின் புல்லைத் தின்றன. மெர்வின் நிலத்துக்கு நோலாவின் பசுக்களால்தான் பெயர். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில், ஒருவரை ஒருவர் விட்டு நகர முடியாமல், பதின்மூன்று வருஷம்.

நோலாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒல்லி, நெட்டை. கை சும்மா இருக்காது. பேசும்போது ஒரு கம்பித்துண்டை எடுத்துச் சுருட்டுவாள், பிரிப்பாள், மறுபடி சுருட்டுவாள். மேய்ச்சலிலிருந்து ஒரு பசு நடந்து வருவதைப் பார்த்தே அதன் தாய் யார் என்று சொல்வாள். எந்தக் காளையை எந்தப் பசுவோடு சேர்ப்பது என்று பாலண்ட்ரியில் முடிவெடுத்தது அவள்தான். ஏலத்தன்று கைகுலுக்கி வரவேற்றது மெர்வ்.

அவள் உருவாக்கியவற்றில் உச்சம், மேயர். பதிவேட்டில் அவனுக்கு நீளமான பெயர் இருந்தது. ஒரு டன்னுக்கு மேல் எடையோடு, ஏதோ திறப்பு விழாவுக்கு வந்தவன்போல் நிதானமாக நடப்பதால் எல்லோரும் மேயர் என்றே கூப்பிட்டார்கள். 1979 சிட்னி கண்காட்சியில் இரண்டாம் பரிசு வாங்கினான். அதன்பிறகு அவன் மகன்கள் அறுபதுக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குப் போனார்கள். என் பண்ணைக்கு இரண்டு பேர், ஒருவன்பின் ஒருவனாக.

நான் போனபோது மெர்வ் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். நோலா ஜன்னலோரம் கோப்பையோடு நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டெஸ், காலங்காத்தால? பொண்டாட்டி தொரத்திவிட்டுட்டாளா?" என்றான் மெர்வ்.

"கன்னுக்குட்டிங்க சாகுது மெர்வ். மூணு போச்சு. ரத்தத்துல வர்ற நோயாம். அப்பன் ஆத்தா ரெண்டு பக்கமும் இருக்கணுங்கறார் ராஸ். எனக்கு ரெண்டு பக்கமும் இங்கேர்ந்து வந்ததுதான்."

"ஓடைப் பக்கம் உனக்குக் களை மண்டிக் கெடக்கு. அதத் தின்னு செத்திருக்கும்."

"ரெண்டு நாள் கன்னு களையத் திங்குமா?"

"ஆத்தாக்காரி தின்னிருப்பா, பால்ல எறங்கியிருக்கும். இல்லன்னா எவன் வீட்டுக் காளையாவது வேலி தாண்டியிருக்கும். உன் வேலிய நான் பாத்திருக்கேனே, கோழிகூட குனியாமப் போகும்."

நோலா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"வாசனை வந்துச்சா டெஸ்? பாகு தீஞ்சாப்புல?"

வாசனையைப் பற்றி நான் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. மெர்வ் கத்தியைக் கீழே வைத்தான். நோலா கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். மாட்டுப் பட்டியின் கதவைத் திறந்தாள், மூடினாள், அடுத்த கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு மாடும் இல்லை.

"எண்பத்தொண்ணுல ஒரு கன்னு," என்றாள். "வேலி ஒடஞ்சு மேயர் அவன் மகளுங்க நின்ன எடத்துக்குள்ள போயிட்டான். அதுல பொறந்தது. நீ சொல்ற மாதிரியேதான் செத்துச்சு. பதிவேட்டுல குளிர்ல செத்துச்சுன்னு எழுதினேன்."

"குளிர்தானோ என்னவோ."

"அன்னிக்கு நல்ல வெயிலு டெஸ். எழுதினவ நான்தானே, எனக்குத் தெரியாதா?"

மறுநாள் ராஸ் வந்து பட்டிக் கம்பத்தில் சாய்ந்தபடி எங்களுக்கு விளக்கினார். ரத்தப் பரிசோதனை எதுவும் அன்று கிடையாது. ஒரு காளையிடம் அந்தப் பாதி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரே வழி, அவனை அவன் மகள்களோடே சேர்ப்பது. அவனிடம் இருந்தால் மகள்களில் பாதிப் பேரிடமாவது இருக்கும். அப்படியானால் எட்டுக்கு ஒரு கன்று சாக வாய்ப்பு. "ஒண்ணு ரெண்டு மகளோட சேர்த்துப் பிரயோஜனமில்ல. இருபத்து மூணு கன்னு பொறந்து இருபத்து மூணும் பொழைச்சா அவன் சுத்தம்னு நான் தைரியமாச் சொல்லுவேன். ஒண்ணே ஒண்ணு செத்தாலும் முடிஞ்சுது."

மெர்வ் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு அல்ல. "இருக்கறதுலயே நல்ல கிடாரிங்க இருபத்து மூணு. அப்பனுக்கே கட்டி வச்சுப் பொறக்கற கன்னை எவன் வாங்குவான்? ஒரு வருஷம் பாழ். ஊரே கூடி நின்னு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். மாடு என்னோடது," என்றாள் நோலா.

"அது நிக்கறது என் புல்லு மேல. மறந்துராத."

நோலா அன்று மத்தியானம் எங்கள் வேலியருகே வந்து நின்றாள்.

"ஓடைக்குக் கிழக்கால இருக்கற எடத்தை எனக்கு விடு டெஸ்."

"எத்தனை நாளைக்கு?"

"அடுத்த ஆகஸ்ட் முடியற வரைக்கும்."

"எடுத்துக்க."

நவம்பரில் இருபத்தைந்து கிடாரிகளைச் சாலையைக் கடந்து ஓட்டிவந்தாள். இரண்டு சினை பிடிக்காமல் போகும் என்று அவள் கணக்கு, அப்படியே ஆயிற்று. கடைசியாக மேயர் வந்தான். நடுச்சாலையில் நின்று, ஒரு பால் லாரியை நிறுத்திவைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே போனான்.

பசு ஈன ஒன்பது மாதமும் சில நாளும் ஆகும். அதை எந்த மனிதராலும் அவசரப்படுத்த முடியாது. அந்த ஒன்பது மாதத்தை நோலா கழித்த விதத்தைப் பார்த்தவர்களுக்கே மூச்சு வாங்கியது. பட்டிக்கு வெள்ளை அடித்தாள்; ஒரு மாதம் கழித்து அதன் மேலேயே மறுபடி அடித்தாள். நேராக நின்ற வேலிக்கம்பங்களைப் பிடுங்கி நட்டாள். பழைய பதிவேடுகளைப் பரப்பிவைத்து, மேயரின் தாய் வழியே பின்னோக்கிப் போய், எந்தப் பசுவிடம் இது ஆரம்பித்தது என்று தேடினாள். ஒரு நாள் ஒரு பெயரோடு என் கொட்டகைக்கு வந்தாள். மறுநாள் "அவ இல்ல, அவ இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இதற்கு நடுவில்தான் மார்ச் மாத ஏலம் இருந்தது. வருஷா வருஷம் நடப்பது. பதினெட்டுக் காளைகள், அதில் பதினொன்று மேயரின் மகன்கள்.

"நிரூபணம் எங்க?" என்று மெர்வ் கேட்டுக்கொண்டே இருந்தான். சாப்பிடும்போதும், வண்டியில் போகும்போதும். "டெஸ் வீட்டுக் கன்னைப் பத்தி லேப்பு குடுத்த ஒரு காகிதம், அவ்ளோதான். ஆகஸ்ட்ல நிரூபணமாச்சுன்னா நானே உன்கூட வீடு வீடா வந்து மன்னிப்பு கேக்கறேன். அது வரைக்கும் வாயை மூடிட்டு இரு நோலா. நாளைக்கு இருபத்து மூணும் நல்லாப் பொறந்து நின்னா, சும்மா கெடந்த சங்கை நீயே ஊதிக் கெடுத்த மாதிரி ஆயிரும்."

கடைசியில் அவள் சரி என்றுவிட்டாள். களைப்பு. நானும் வாயைத் திறக்கவில்லை. என் பண்ணையில் நோய் என்று பரவினால் என் கன்றுகளைச் சந்தையில் யார் தொடுவார்கள்? அவளைக் குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஏலத்தன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. கொட்டகையில் வைக்கோல் கட்டுகளின்மேல் வரிசையாக ஆட்கள், கையில் சாசேஜ் வைத்த ரொட்டி, பீர். மெர்வ் டை கட்டியிருந்தான். முதல் இரண்டு காளைகள் வேறு வம்சம், விற்றன. மூன்றாவது மேயரின் மகன். அப்பனின் நடை அப்படியே இருந்தது. ஏலக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

பின்வரிசையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கை தூக்கினார்கள். வால்கா பக்கத்திலிருந்து வந்தவர்கள், பெயர் ட்ரெஸில். பண்ணை ஆரம்பித்து இரண்டு வருஷம்தான். அதற்கு முந்தைய வருஷம் மேயரின் மகள்களில் பதினான்கை வாங்கிப்போனவர்கள். இப்போது அவர்களுக்குக் காளை வேண்டும். அதே வீட்டில் வாங்க வந்திருந்தார்கள். எதிரில் வேறு யாரோ கேட்டார். மறுபடி அந்தப் பெண் கையைத் தூக்கினாள், சிரித்துக்கொண்டே.

நோலா அதுவரை கொட்டகைக்கு வெளியே, உள்ளே, வெளியே என்று நடந்துகொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கம்பி அழியின் இரண்டாம் படியில் ஏறினாள்.

"நிறுத்துங்க."

ஏலக்காரருக்குக் காதில் விழவில்லை. எண்ணிக்கையை ஓட்டிக்கொண்டே போனார்.

"யோவ், நிறுத்துன்னு சொல்றேன்ல! இது என் காளை."

கொட்டகை அமைதியாயிற்று. காளை மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இவனுக்கு அப்பன் மேயர். மேயர் ரத்தத்துல கன்னைக் கொல்ற ஒண்ணு இருக்குன்னு நான் நெனக்கறேன். இன்னும் நிரூபணம் ஆகல. ஆகஸ்ட்ல தெரியும். ஆனா நான் எண்பத்தொண்ணுலயே ஒண்ணைப் பாத்தேன், பாத்துட்டுப் பொய் எழுதினேன்." அவள் கால் அந்தக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தது. "ட்ரெஸில், உங்ககிட்ட அவன் மகளுங்க பதினாலு நிக்குது. இவனையும் வாங்கிட்டுப் போனீங்கன்னா அடுத்த வருஷம் குழி தோண்டிட்டு இருப்பீங்க. மேயரோட பசங்க ஒருத்தனையும் நான் இன்னிக்கு விக்கல. மத்த காளைங்களைப் பாருங்க. பாக்கப் பிடிக்கலன்னா பீர் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். அது பாதியில் நின்றது. ஆட்கள் எழுந்தார்கள். வெளியே வண்டிகள் கிளம்பும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. வெளியேறும் வழியில் பர்சிவல் ட்ரூ நின்றான். மலைக்கு வடக்கே அவனும் இதே இன மாட்டை வளர்ப்பவன். அவன் மந்தையிலும் மேயரின் ரத்தம் உண்டு.

"கேக்கவே கூச்சமா இருக்கு நோலா. உங்க வீட்டு விஷயத்தை வீட்டோட வச்சுக்கக் கூடாதா?"

"அது எங்க வீட்டோட நிக்கலியே பர்சி. உன் வீட்டுக்கும்தானே வித்தேன்."

அவன் முகம் சிவந்துபோனது. தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மெர்வ் டையைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தான். அன்றிலிருந்து அவளோடு அவன் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டியின்மேல் ஒட்டிவைப்பான். "பம்பு ரிப்பேர்." "நாய்க்குத் தீனி இல்லை." மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை இப்படி.

ஆகஸ்டில் காற்று ஆரம்பித்தது. கிடாரிகள் ஈன ஆரம்பித்தன. நோலா விடிந்ததும் சாலையைக் கடந்து வந்துவிடுவாள். கன்று பிறந்த மூன்று நாள்வரை அவளுக்கு நிம்மதி கிடையாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மண்டியிட்டு, எழுப்பி நிற்கவைத்து, பின்னால் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள்.

ஐந்து பிறந்தன. ஐந்தும் நன்றாக இருந்தன. பத்து. பத்தும் நன்றாக இருந்தன. ஊரில் கிளப்பில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்: ஃபெரியர் வீட்டுப் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது, தன் கையாலேயே பாலண்ட்ரியைக் குழியில் தள்ளிவிட்டாள் என்று. பதினாறும் பிழைத்தபோது மெர்வ் காலையில் தேநீர்க் கோப்பையோடு எங்கள் வேலிவரை நடந்துவர ஆரம்பித்தான்.  கன்றுகளை எண்ணுவான், குடித்து முடிப்பான், திரும்பிப் போவான். அந்த நடையிலேயே எல்லாம் இருந்தது.

"எதுக்கு வேண்டிக்கறதுன்னே தெரியல டெஸ்," என்றாள் நோலா ஒரு நாள். ஒரே இடத்தில் நின்றபடி மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். "எல்லாம் பொழைச்சா நான் பைத்தியக்காரி. ஒண்ணு செத்தா பத்து வருஷமா நான் கட்டினது அத்தனையும் போச்சு. நெதம் காலைல வரும்போது ஒரு மனசு ஒண்ணு சொல்லுது, திரும்பிப் போகும்போது இன்னொண்ணு சொல்லுது."

பதினேழாவது ஒரு செவ்வாய்க்கிழமை பிறந்தது. கிடாரிக் கன்று. எல்லாவற்றையும்விட அழகு, முதுகு கோடு போட்டதுபோல் நேர். புதன்கிழமை தாயின் பின்னால் ஓடியது. வியாழக்கிழமை காலையில் தலை தொங்கியது. மத்தியானத்துக்குள் விழுந்துவிட்டது.

என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது அதன் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். கால்கள் அடித்துக்கொண்டிருந்தன. அந்த வாசனை காற்றையும் மீறி வந்தது. அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது அழுகை. இருந்தது வேறு, ரொம்ப நாள் தூக்கிய மூட்டையை இறக்கியவர்களிடம் இருக்கும் முகம். அடுத்த நிமிஷமே அதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டவள்போல் வாயை இறுக்கிக்கொண்டாள். ராஸ் வந்தார். பார்த்தார். ஊசியை எடுத்தார். கால்கள் நின்றன.

மெர்வ் சாலையைக் கடந்து வந்தான். கோப்பை இல்லாமல் வந்தான். கன்றின் பக்கத்தில் வந்து நின்றான்.

"இதோட நாலு," என்றான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"என்ன நாலு?"

"நான் பாத்தது. எண்பத்தொண்ணுல செத்தது உனக்குத் தெரியும். எண்பத்திரண்டுல மலைமேட்டுல ரெண்டு. நீ கண்காட்சிக்குப் போயிருந்தப்ப. நானே பொதைச்சேன். உன்கிட்ட சொல்லல."

நோலா எழுந்தாள். தொப்பியைக் கழற்றினாள். அதாலேயே அவன் தோளில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள்.

"அடப்பாவி. நான் இங்க நாலு வருஷமா தூங்காம கெடக்கறேன். அது நான் ஒருத்தி கண்ட கனவோன்னு நெனச்சுகிட்டுக் கெடக்கறேன்டா!"

"நீ எதுவும் சொல்லலையே. நீயும்தானே பொய் எழுதின."

"எழுதினேன். ஊர் முன்னாடி சொல்லவும் சொன்னேன். அப்ப எங்கடா போன நீ?"

"டை கட்டிகிட்டு நின்னேன்," என்றான் மெர்வ்.  நானும் ராஸும் வேலிப் பக்கம் நடந்துபோய் நின்றுகொண்டோம். திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் அந்தக் கன்றுக்கு இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இருபத்தொன்றாவது கன்றும் அதே மாதிரி செத்தது. அதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை. மேயரை இறைச்சிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். அப்படிப்பட்ட காளையை உயிரோடு வைத்திருந்தால் என்றாவது யாராவது பயன்படுத்திவிடுவார்கள் என்றாள் நோலா. லாரிக்கு அவளே ஓட்டிப்போனாள். தடியோ நாயோ தேவைப்படவில்லை. பலகையில் ஏறி, நடுவில் ஒரு தரம் நின்று, உள்ளே போனான். அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள். மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

மெர்வ் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான். கிட்டத்தில் இருந்த பதினொரு பண்ணைகளுக்கு இரண்டு பேரும் நேரில் போனார்கள். ஆர்மிடேல் பக்கம் ஒருவர் கேட்டைத் திறக்காமலே, தெருநாயைத் துரத்துவதுபோல் கத்தினார். மெர்வ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றானாம். ட்ரெஸில் வீட்டில் தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் கொடுத்து உட்காரவைத்தார்கள். அந்த வீட்டில்தான் நோலா அழுதாள் என்று மெர்வ் பிறகு என்னிடம் சொன்னான். தூரத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அவள் கையால் கடிதம் எழுதினாள். எந்தக் காளை, எந்த வருஷம், அவன் மகள்களை யாரோடு சேர்க்கக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

மேயரின் ரத்தம் இருந்த பசுக்கள் எல்லாம் போயின. நூற்று நாற்பது நின்ற மந்தையில் ஐம்பதுகூட மிஞ்சவில்லை. மறுவருஷம் ஏலத்துக்கு ஆறு காளைகள். வந்தவர்கள் பத்துப் பேருக்குமேல் இருக்க மாட்டார்கள். கண்காட்சிகளில் அவள் கூண்டுப் பக்கம் யாரும் நிற்கவில்லை. நோய் அவளிடமிருந்து வந்தது என்ற கோபத்தைவிட, அவள் வாயைத் திறந்ததால் தங்கள் மந்தையைப் பற்றியும் கேள்வி வருகிறதே என்ற கோபம்தான் பலருக்கு. நோலா பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து, பார்க்கச் சாதாரணமான ஒரு காளையை வாங்கிவந்து, ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். 1988இல் மெர்வ் வக்கீலிடம் போய் நிலப் பத்திரத்தில் அவள் பெயரையும் சேர்த்துவிட்டு வந்தான். அதைப் பற்றி அவன் அவளிடம் பேசவே இல்லையாம். காகிதத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்துவிட்டான்.

சில வருஷங்கள் கழித்து ரத்தப் பரிசோதனை வந்தது. ஒரு சொட்டை அனுப்பினால் போதும், எந்த மாட்டிடம் இருக்கிறது எதனிடம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். நோலா தன் மந்தை முழுவதற்கும் செய்தாள், ஒன்றிலும் இல்லை. அந்த வருஷம் குளிர்காலத்தில் ஒரு நாள் அவளும் நானும் அவள் கேட்டருகே கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது பர்சிவல் ட்ரூவின் வண்டி வந்து நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கினான்.

"அந்த ரத்தம் எங்க அனுப்பறே நீ?"

அவள் முகவரியைச் சொன்னாள். அவன் சிகரெட் பெட்டியின் பின்பக்கம் எழுதிக்கொண்டான்.

"வாலுக்கு அடியில எடு," என்றாள். "கழுத்துல எடுத்தா உன் பசுங்க ஒதைக்கும். போன கண்காட்சில பாத்தேனே, அதுங்களுக்கு உன்னோட கோவம் அப்படியே வந்திருக்கு."

அவன் சிரித்துவிட்டான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனான். அடுத்த ஏலத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்று இரண்டு காளைகள் வாங்கினான்.

மெர்வ் 2001இல் மாரடைப்பில் போனான். நோலா தனியாகவே நடத்தினாள். பாலண்ட்ரி காளைகளுக்கு மறுபடி பெயர் வந்தது. ஆனால் பழைய மாதிரி பரிசு வாங்கும் பெயர் அல்ல. அவளிடம் வாங்கினால் அந்தக் காளையின் குறை என்னவென்று அவளே சொல்லிவிடுவாள் என்ற பெயர். "இவன் பின்னங்கால் கொஞ்சம் நேராப் போச்சு. மேட்டு நெலத்துக்கு வேணாம், வேற ஒருத்தனப் பாரு." ஏலக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். வாங்குகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அவளுக்கு எழுபது வயதானபோது ஒரு செப்டம்பர் காலை, அவள் மேட்டில் ஒரு மரத்தடியில் இரண்டு பேரும் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். அத்தனை வருஷமும் கேட்காத ஒன்றை அன்று கேட்டேன்.

"ஏலத்தன்னிக்கு ஏறி நின்னியே, அதுக்காக எப்பவாவது வருத்தப்பட்டிருக்கியா?"

"வருத்தம்தான்," என்றாள், வாயில் ரொட்டியோடு. "மூணாவது காளை வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேனே. நாலு வருஷம் முன்னாடியே ஏறியிருக்கணும். உன் கன்னுங்க மூணும் பொழைச்சிருக்கும்."

என் மூன்று கன்றுகளை அவள் இத்தனை வருஷம் எண்ணிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.  அவள் மீதி ரொட்டியை என் கையில் திணித்துவிட்டு இறங்கிவிட்டாள். கீழ்ச்சரிவில் ஈனப்போகும் ஒரு கிடாரி வாலைத் தூக்கிக்கொண்டு கூட்டத்திலிருந்து ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதன் பின்னால், காற்றுக்கு எதிராகத் தலையைக் குனிந்துகொண்டு, வேகமாக நடந்தாள்.